ரீபெயின்ட் விமானத்தில் ஜன்னல் வழியே உள்ளே தெரிய வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது கோவை. ஆனாலும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அதில் சிலருக்கு ஓட்டுவதைவிட விமானத்துக்குப் புதுச் சாயம் பூசுவதில்தான், அதாவது ரீபெயின்டில்தான் ஆசை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஜன்னலைப் பற்றித்தான். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பழைய விமான சிமுலேட்டர்களான எஃப்எஸ்2004 (FS2004), எஃப்எஸ்எக்ஸ் (FSX) இரண்டையும் மனதில் வைத்தே பதில் சொல்கிறேன். இங்கே பலரிடம் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஓடுவது அவைதான். மற்ற சிமுலேட்டர்களுக்கும் கடைசியில் இடம் உண்டு.

அண்ணா, ஜன்னல் இருக்கும் இடத்தில் நிறத்தை அழித்துவிட்டால் உள்ளே தெரியாதா?

தெரியாது. விமானத்தின் மேல் ஒட்டப்படும் படத்தை டெக்ஸ்சர் என்கிறோம். அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு நிறத்துக்கு. நிறத்தை அழித்தால் அந்த இடம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ மாறும், அவ்வளவுதான். ஊடுருவித் தெரிவதற்கு நான்காவதாக ஓர் அடுக்கு இருக்கிறது. அதுதான் ஆல்ஃபா சேனல். அதில் நிறம் இல்லை, 0 முதல் 255 வரை சாம்பல் அளவு மட்டும். 255 என்றால் வெள்ளை, 0 என்றால் கறுப்பு.

ஊட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய காலத்தில் வீட்டுக்கு வீடு நெகட்டிவ் இருந்தது. ஆல்ஃபாவும் படத்தின் மேல் வைத்த ஒரு நெகட்டிவ் போலத்தான். ஆனால் கணக்கு தலைகீழ்: நெகட்டிவில் கறுப்பு இடம் வெளிச்சத்தை மறிக்கும், இங்கே கறுப்பு இடம் வழிவிடும், வெள்ளை மறிக்கும். நடுவில் உள்ள சாம்பல் பாதி வழிவிடும்.

ஆல்ஃபாவில் ஜன்னலைக் கறுப்பாக்கினேன். உள்ளே தெரியவில்லை. குரோம் பூசினது மாதிரி மின்னுகிறது. என்ன தப்பு?

உங்கள் மேல் தப்பில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆல்ஃபா என்பது வெறும் அளவு. எதன் அளவு என்பதை ஆல்ஃபா முடிவு செய்வதில்லை; மாடல், அதாவது விமானத்தின் முப்பரிமாண உருவம் உள்ள கோப்பு, முடிவு செய்கிறது. மாடலைக் கட்டியவர் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மெட்டீரியல், அதாவது அந்தப் பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பு, வைத்திருப்பார். ‘இந்தப் பாகம் ஊடுருவக்கூடியது’ என்று அவர் வைத்திருந்தால் அங்கே ஆல்ஃபா ஊடுருவலின் அளவு. ‘இது பளபளக்கும் உலோகம்’ என்று வைத்திருந்தால் அதே ஆல்ஃபா பிரதிபலிப்பின் அளவு: வெள்ளை என்றால் மங்கல், கறுப்பு என்றால் முழுப் பளபளப்பு. இரண்டும் இல்லாமல் வைத்திருந்தால் நீங்கள் ஆல்ஃபாவில் கோலமே போட்டாலும் சிமுலேட்டர் திரும்பிப் பார்க்காது.

உங்களுக்கு நடந்தது இரண்டாவது வகை. ஜன்னல் தனிக் கண்ணாடியாகக் கட்டப்படவில்லை. உடம்போடு ஒரே பரப்பு, அதன் மேல் வரைந்த படம். உடம்பின் மெட்டீரியல் பளபளப்புக்கானது. அதனால் ஜன்னலைக் கறுப்பாக்கியதும் அது வானத்தைப் பிரதிபலிக்க ஆரம்பித்துவிட்டது.

எஃப்எஸ்எக்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. பளபளப்பின் அளவை முதன்மைப் படத்தின் ஆல்ஃபாவிலிருந்து எடுப்பதா, பளபளப்புக்கென்றே உள்ள ஸ்பெகுலர் படத்தின் ஆல்ஃபாவிலிருந்து எடுப்பதா என்பதையும் மாடல் செய்தவரே தேர்வு செய்யலாம். ஆகவே ஒரு விமானத்தில் கற்றதை அடுத்த விமானத்தில் அப்படியே போடாதீர்கள்.

இதை மாற்ற மாடல் கோப்பைத் திறந்து திருத்தலாமா என்று உடனே கேட்பார்கள். மாடல் இருக்கும் எம்டிஎல் (.mdl) கோப்பு, இனித் திருத்த முடியாதபடி தொகுத்து முடித்தது. மூலக் கோப்பு மாடல் செய்தவரிடம்தான் இருக்கும். சாயம் பூசுகிறவர் கையில் அது இல்லை.

சரி, எந்தப் பாகம் எந்த வகை என்று வேலை தொடங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

கறுப்புச் சோதனை செய்யுங்கள். விமானத்தின் டெக்ஸ்சர் ஃபோல்டரை நகல் எடுத்து ‘texture’ என்பதற்குப் பின் புள்ளி வைத்து வேறு பெயர் கொடுங்கள். விமானத்தின் விவரங்கள் உள்ள ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜி (aircraft.cfg) கோப்பில் கடைசி எஃப்எல்டிசிம் (fltsim) பகுதியை நகல் எடுத்து அடுத்த எண்ணைப் போடுங்கள். தலைப்பு வரி வேறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று பட்டியலில் வராது. டெக்ஸ்சர் வரியில் புதுப் பெயர். இப்போது நகலில் உள்ள ஒவ்வொரு படத்திலும் நிறத்தைத் தொடாமல் ஆல்ஃபாவை மட்டும் முழுக் கறுப்பாக்கிச் சேமியுங்கள்.

விமானத்தை ஏற்றிச் சுற்றிப் பாருங்கள். எது மறைந்துபோனதோ அது ஊடுருவும் மெட்டீரியல். எது கண்ணைப் பறிக்கும்படி மின்னுகிறதோ அது பிரதிபலிக்கும் மெட்டீரியல். எது மாறாமல் நிற்கிறதோ அதற்கு ஆல்ஃபா தேவையே இல்லை. நல்ல மாடலில் உடம்பு மின்னும், காக்பிட் கண்ணாடி மட்டும் காணாமல் போகும். இரண்டும் ஒரே படத்தில் இருந்தாலும் பரவாயில்லை. உடம்புப் பகுதிக்கு ஒரு சாம்பல், கண்ணாடிப் பகுதிக்கு வேறு சாம்பல் என்று பிரித்துப் பூசலாம்.

சோதனைக்குப் பிறகும் கண்ணாடி அப்படியே, ஆனால் ஏற்கெனவே ஊடுருவித் தெரிகிறது என்றால், அந்தக் கண்ணாடிக்கு டெக்ஸ்சரே இல்லை என்று அர்த்தம். மாடல் செய்தவர் மெட்டீரியலிலேயே ஒரு நிறமும் ஓர் ஒளிபுகு அளவும் வைத்து முடித்திருப்பார். அதை உங்களால் மாற்ற முடியாது. நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

ஆல்ஃபாவில் எவ்வளவு சாம்பல் வைக்கணும்?

முழுக் கறுப்பு வைத்தால் கண்ணாடியே இல்லாத ஓட்டை தெரியும். கண்ணாடி இருக்கிறது என்று கண் நம்ப வேண்டும். காக்பிட் முகப்புக் கண்ணாடிக்கு 51 அல்லது 68 எனக்குப் பிடிக்கும். பயணிகள் ஜன்னலுக்கு 102, 119 என்று கொஞ்சம் ஏற்றலாம். வெளியிலிருந்து அவை அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

ஏன் 51, 68 என்று விநோதமான எண்கள்? படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் டிஎக்ஸ்டி3 (DXT3) என்ற வகையில் ஆல்ஃபாவுக்கு 4 பிட்தான், அதாவது 16 படிகள். 0, 17, 34, 51, 68 என்று பதினேழு பதினேழாக ஏறும். இடைப்பட்ட எண்ணைப் போட்டால் பக்கத்துப் படிக்கு இழுக்கப்படும். முதலிலேயே 17-இன் மடங்கில் வைத்தால் நீங்கள் பார்த்ததுதான் சிமுலேட்டரிலும் வரும்.

ஆல்ஃபாவை மட்டும் பார்த்துவிட்டு அடியில் இருக்கும் நிறத்தை மறப்பவர்கள் அதிகம். பாதி ஊடுருவும் கண்ணாடியில் மீதிப் பாதி அந்த நிறம்தான். வெள்ளையாக விட்டால் கண்ணாடி வெளிறி மங்கும். கிட்டத்தட்ட கறுப்பாக, கொஞ்சம் பச்சையோ நீலமோ கலந்து வைத்தால் புகைக் கண்ணாடியாகும். சிவப்பு 20, பச்சை 28, நீலம் 30 என்று தொடங்கிப் பாருங்கள்.

எந்த வகையில் சேமிப்பது?

ஆல்ஃபா இருக்கும் வகையில். சாதாரண 24 பிட் பிட்மேப்பில் ஆல்ஃபா கிடையாது. 565 எனப்படும் 16 பிட் வகையிலும் கிடையாது. அதில் சேமித்துவிட்டு ‘நேற்று இருந்தது, இன்று காணோம்’ என்று பாதிப் பேர் வருகிறார்கள். டிஎக்ஸ்டி1-இல் ஆல்ஃபா ஒரே பிட். திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், நடுவில் சாம்பல் இல்லை. டிஎக்ஸ்டி3-இல் 16 படி. 32 பிட் 8888-இல் முழு 256 படி.

1024-க்கு 1024 படம் ஒன்று டிஎக்ஸ்டி1-இல் அரை எம்பி, டிஎக்ஸ்டி3-இல் 1 எம்பி, 32 பிட்டில் 4 எம்பி. தூரத்தில் காட்டுவதற்கான சிறிய நகல்களான மிப் படங்களையும் சேர்த்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். பழைய கம்ப்யூட்டருக்கு டிஎக்ஸ்டி3 போதும். முகப்புக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக மெல்ல மங்கும்படி செய்கிறீர்கள் என்றால் 16 படியில் பட்டை பட்டையாகத் தெரியும். அந்த ஒரு படத்தை மட்டும் 32 பிட்டில் வையுங்கள். எஃப்எஸ்எக்ஸில் டிடிஎஸ் (DDS) என்ற படக் கோப்பாக டிஎக்ஸ்டி5 வைத்தால் மங்கல் மென்மையாக வரும், இடமும் 1 எம்பிதான். ஒன்று: எஃப்எஸ்எக்ஸ் டிடிஎஸ் படத்தைத் தலைகீழாக எதிர்பார்க்கும். விமானத்தின் வயிற்றில் ஜன்னல் வந்தால் காரணம் அதுதான்.

என்ன மென்பொருள் வேண்டும்? காசு கட்டணுமா?

வேண்டாம். வரைவதற்கு கிம்ப் இலவசம். சிமுலேட்டர் வகைகளுக்கு மாற்ற மார்ட்டின் ரைட் எழுதிய டிஎக்ஸ்டிபிஎம்பி இலவசம். நிறப் படம் ஒரு பக்கம், ஆல்ஃபா ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் காட்டும். கற்றுக்கொள்ள அதைவிடத் தெளிவான இடம் இல்லை. இரண்டையும் தனித்தனிக் கோப்பாகக் கிம்புக்கு அனுப்பி, வரைந்துவிட்டுத் திரும்ப வாங்கிச் சேர்க்கலாம்.

கிம்பிலிருந்து பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்கிறவர்கள், ஊடுருவும் புள்ளிகளின் நிறத்தையும் சேமிக்கச் சொல்லும் பெட்டியில் டிக் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முழுதாக ஊடுருவும் இடங்களின் நிறம் போய்விடும். அது ஏன் முக்கியம் என்பது அடுத்த கேள்வி.

ஜன்னல் ஓரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு வருகிறதே?

சிமுலேட்டர் படத்தைக் காட்டும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்துதான் காட்டும். ஜன்னல் சட்டம் கறுப்பு, அதற்கு உள்ளே ஊடுருவும் இடத்தின் அடியில் வெள்ளை என்றால், எல்லையில் இரண்டும் கலந்து சாம்பல் கோடு வரும். அந்த வெள்ளை நம் கண்ணுக்குத் தெரியாதே என்று விட்டிருப்போம், கணக்குக்குத் தெரியும்.

டிஎக்ஸ்டி வகைகள் இதைக் கூட்டிவிடும். படத்தை 4-க்கு 4 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நிறமும் அவற்றின் கலவையும் மட்டுமே வைத்துக்கொள்ளும். ஒரே கட்டத்தில் சிவப்புக் கோடு, வெள்ளை உடம்பு, கறுப்புச் சட்டம் மூன்றும் வந்தால் ஒன்று கெடும்.

சட்டத்தின் நிறத்தை ஆல்ஃபா எல்லையைத் தாண்டி ஜன்னலுக்குள் எட்டுப் புள்ளியாவது இழுத்து விடுங்கள். விமானம் தூரப் போகும்போது மிப் படங்கள் பாதி பாதியாகச் சுருங்குவதால், இன்னும் அதிகம் இழுத்தாலும் நஷ்டமில்லை. அடியில் முழுக்கச் சட்டத்தின் நிறத்தையே நிரப்பிவிடுவது இன்னும் எளிது.

கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கத்து இறக்கை காணாமல் போகிறது. தரை மட்டும் தெரிகிறது.

வரையும் வரிசைச் சிக்கல். ஊடுருவும் பரப்பை, அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் வரைந்த பிறகுதான் வரைய வேண்டும். கண்ணாடியை முதலில் வரைந்துவிட்டால் ‘இந்த இடத்தில் இவ்வளவு தூரத்தில் ஒரு பொருள் இருக்கிறது’ என்று ஆழக் கணக்கில் பதிந்துவிடும். அப்புறம் வரும் இறக்கை அதற்குப் பின்னால் இருப்பதால் தள்ளுபடி. தரை அதற்கு முன்பே வரைந்தாகிவிட்டதால் அது மட்டும் தெரிகிறது. பின்னால் இருக்கும் விமானி, சுழலும் புரொப்பெல்லர் எல்லாம் இப்படி மறையும்.

மாடலுக்குள் பாகங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது இது. சாயத்தால் சரி செய்ய முடியாது. ஆல்ஃபாவை 170, 187 என்று ஏற்றிக் கண்ணாடியை இருட்டாக்கினால் குறை கண்ணில் படாது. நான் அப்படித்தான் செய்வேன்.

ஜன்னல் தெளிவாக வந்துவிட்டது. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை, அந்தப் பக்கத்து மலை தெரிகிறது!

உள்ளே யாரும் எதையும் கட்டவில்லை. சீட் இல்லை, சுவர் இல்லை. அப்படியானால் மறுபக்கத்து உடம்பின் உட்புறமாவது தெரிய வேண்டாமா என்றால், சிமுலேட்டர் பரப்புகளை ஒரு பக்கம் மட்டும்தான் வரையும். உள்ளிருந்து பார்த்தால் உடம்பு இல்லவே இல்லை.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட மாடலில் ஜன்னலைத் திறப்பது வீண் வேலை. இறக்கிப் பார்க்கிற ரீபெயின்ட்களில் பலவும் திறக்காமல் விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். தொடக்கக்காரர்களுக்கு ஊடுருவல் என்பது ஒரு பட்டம் மாதிரி ஆகிவிட்டது. மாடலுக்குள் பார்க்க ஏதாவது இருந்தால் திறங்கள். இல்லாவிட்டால் வரையுங்கள்.

வரைவது என்றால் எப்படி? நான் வரைந்தால் ஜன்னல் எல்லாம் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினது மாதிரி இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பஸ் பர்லியாரில் நிற்கும்போது இறங்கி, நின்றிருக்கும் பஸ்களின் ஜன்னலைப் பாருங்கள். வெயில் நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவர் சரியாகத் தெரியமாட்டார். பஸ்ஸுக்குள் இருக்கும் வெளிச்சம் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு குறைவு. அதனால் கண்ணாடி இருட்டாகத் தெரிகிறது, அதன் மேல் வெளியுலகம் படிகிறது. மேல் பாதியில் வானம், கீழ்ப் பாதியில் சரிவும் மரமும். வெயில் ஒரு சீட்டின் மேல் நேராக விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் உள்ளே இருப்பவரின் தோள் தெரியும். மூடுபனி இறங்கிவிட்டதென்றால் கண்ணாடி முழுக்க ஒரே வெளிர் நிறம், உள்ளே ஒன்றும் தெரியாது. இன்னொன்றும் கவனியுங்கள். நேர் எதிரே நின்று பார்க்கும் ஜன்னலைவிட, பஸ்ஸின் நீளவாக்கில் சாய்வாகப் பார்க்கும் கடைசி ஜன்னல் அதிகம் பிரதிபலிக்கும். நேராக விழும் ஒளியில் கண்ணாடியின் ஒரு பரப்பு சுமார் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும், சாயச் சாய அது ஏறிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் படத்தில் கொண்டுவர வேண்டும். முழுக் கறுப்பு வேண்டாம். சிவப்பு 25, பச்சை 30, நீலம் 36 போல நீலம் கலந்த இருட்டில் தொடங்குங்கள். மேலே கொஞ்சம் வெளிறி, கீழே இருட்டாக ஒரு மென்மையான மாற்றம். ஜன்னல் உடம்பின் மட்டத்தைவிட உள்ளே தள்ளி இருப்பதால் சட்டத்தின் மேல் விளிம்புக்குக் கீழே மெல்லிய நிழல் விழும், கீழ் விளிம்பில் ஒரு புள்ளி அகலத்துக்கு வெளிச்சம் பிடிக்கும். இந்த நிழலும் வெளிச்சமும் வந்துவிட்டால் ஸ்டிக்கர் தன்மை போய்விடும்.

அப்புறம் ஒரு சின்ன வேலை: பயணிகள் விமானத்தில் எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி இருக்காது. சிலர் திரையை முழுக்க இறக்கியிருப்பார்கள், சிலர் பாதி. நான்கைந்து ஜன்னலில் வெளிர் மஞ்சளில் திரையை வரைந்துவிடுங்கள். வரிசையாக இல்லாமல் அங்கங்கே. செலவு ஒன்றுமில்லை, பார்க்கிறவர் முதலில் கவனிப்பது அதைத்தான்.

சூரியன் பளிச்சென்று அடிப்பது போல வெள்ளைக் கீற்று மட்டும் போடாதீர்கள். சிமுலேட்டரில் மாலையாகும், மேகம் வரும். கீற்று மாறாமல் நிற்கும். பல மாடல்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே படத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெயில் அடிக்கும். அந்தப் பளிச்சை ஆல்ஃபாவிடம் விடுங்கள். உடம்பின் மெட்டீரியல் பிரதிபலிக்கும் வகை என்றால், உடம்புக்கு ஆல்ஃபா 221, வரைந்த ஜன்னலுக்கு 136 அல்லது 153. நீங்கள் வரைந்த இருட்டின் மேல் சிமுலேட்டரே வானத்தைப் பூசிக்கொள்ளும். முன்னால் ஒருவருக்குத் தொல்லையாக வந்த அதே குரோம் இங்கே கைகொடுக்கிறது.

ஜன்னல் மூலையை எவ்வளவு வளைக்கணும்?

உண்மையான விமானத்தின் போட்டோவைப் பார்த்து அப்படியே. கூர் மூலை மட்டும் வேண்டாம். உயரத்தில் விமானத்துக்குள் காற்றழுத்தம் வெளியைவிட அதிகம்; அதனால் உடம்பில் ஏறும் இழுவிசை கூர் மூலையில்தான் குவியும். 1954-இல் டி ஹாவிலண்ட் காமெட் விமானங்கள் இரண்டு நடுவானில் உடைந்தன. உடம்பில் வெட்டிய திறப்புகளின் மூலையில் உலோகம் சோர்ந்து விரிசல் விட்டது என்று விசாரணையில் தெரியவந்தது. அதற்குப் பிறகு வந்த ஜெட் விமானங்களில் ஜன்னல் மூலைகள் நன்றாக உருண்டிருக்கும்.

பேச்சு வாக்கில் ஒன்று: பயணிகள் விமானத்துக்குள் அழுத்தத்தைப் பொதுவாக 8,000 அடி உயரத்துக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ வைத்திருப்பார்கள். தொட்டபெட்டா உச்சி 8,650 அடி. அங்கே நின்று டீ குடிக்கிறவர் விமானப் பயணியைவிட மெல்லிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

வெளியே சரியாக இருக்கிறது, காக்பிட்டுக்குள் போனால் கண்ணாடி பழையபடியே.

உள்ளிருந்து பார்க்கும் கண்ணாடி வேறு பாகம். எஃப்எஸ்எக்ஸில் உள்புறத்துக்குத் தனி மாடல் கோப்பே உண்டு. மாடல் சிஎஃப்ஜி (model.cfg) கோப்பில் வெளிப்புறத்துக்கு நார்மல், உள்புறத்துக்கு இன்டீரியர் என்று இரண்டு வரி இருக்கும். அதற்கான படத்தைத் தேடுங்கள். கறுப்புச் சோதனையை உள்ளே உட்கார்ந்தும் ஒருமுறை செய்தால் தெரிந்துவிடும்.

இரவில் ஜன்னலில் விளக்கு எரிய வேண்டுமே?

அதற்கும் ஆல்ஃபாவுக்கும் சம்பந்தமில்லை. பெயரின் கடைசியில் அடிக்கோடும் ‘L’ எழுத்தும் உள்ள தனி இரவுப் படம் இருக்கிறது. வரைந்த ஜன்னல் என்றால் அதில் மஞ்சள் கலந்த நிறம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்குங்கள். உண்மையில் ஊடுருவும் ஜன்னல் என்றால் வெளிச்சத்தைக் கண்ணாடிக்குக் கொடுக்காமல் உள்ளே இருக்கும் சுவருக்கும் சீட்டுக்கும் உரிய இரவுப் படத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் மஞ்சள் தாள் ஒட்டியது போலாகும்.

எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில்?

அங்கே கணக்கு தெளிவு. முதன்மைப் படத்தின் ஆல்ஃபா ஊடுருவலுக்கு மட்டும். பளபளப்பின் அளவு, மேற்பரப்பின் மேடு பள்ளத்தைச் சொல்லும் நார்மல் படத்தின் ஆல்ஃபாவில் தனியாக இருக்கும். பிஎன்ஜியிலேயே வேலை செய்யலாம். சாயங்களுக்கான லிவரிஸ் (liveries) ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்து, மூல விமானத்தின் ஃபோல்டர் அமைப்பையும் கோப்புப் பெயரையும் அப்படியே பின்பற்றினால் போதும். ஒரே பெயரில் பிஎன்ஜியும் டிடிஎஸ்ஸும் இருந்தால் அது டிடிஎஸ்ஸைத்தான் எடுக்கும். பிஎன்ஜியைத் திருத்தித் திருத்தி ஒன்றும் மாறவில்லை என்றால் பக்கத்தில் ஒரு டிடிஎஸ் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிளைட்கியர் சிமுலேட்டர் இலவசம் என்கிறார்களே, அதில் செய்யலாமா?

தாராளமாக. சாயம் பூசுகிறவருக்கு அதில் ஒரு பெரிய சுதந்திரம் இருக்கிறது. பல விமானங்களின் மாடல் ஏசி (.ac) என்ற கோப்பு வகையில், நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய எழுத்தாக இருக்கும். மெட்டீரியல் வரியின் கடைசியில் டிரான்ஸ் (trans) என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் உள்ளே தெரியாது, 1 என்றால் முழுதாகத் தெரியும். ஆல்ஃபாவுக்கு நேர் எதிர்த் திசை, குழம்ப வேண்டாம். வரிசைச் சிக்கல் வந்தால் கண்ணாடிப் பாகத்தைப் பட்டியலின் கடைசிக்கு நகர்த்தலாம். மேலே மாடல்காரரின் தலையில் போட்ட பழியையெல்லாம் இங்கே நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்.

ஒரே எச்சரிக்கை: உடம்பின் படத்தைத் தேவையில்லாமல் ஆல்ஃபாவோடு சேமிக்காதீர்கள். ஆல்ஃபா உள்ள படத்தைக் கண்டாலே அந்தப் பாகம் ஊடுருவுவது என்று எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குத் தள்ளிவிடும். உடம்பும் கண்ணாடியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

எம்எஸ்எஃப்எஸ் 2020?

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இல் கண்ணாடிக்கென்றே தனி மெட்டீரியல் வகைகள் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான விமானங்களில் கண்ணாடி ஏற்கெனவே நன்றாக இருக்கும், தொட வேண்டிய அவசியம் வராது. தொட்டீர்கள் என்றால் புதுப் படத்தின் பெயர் லேஅவுட் ஜேசன் (layout.json) என்ற பட்டியல் கோப்பில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத கோப்பை அது கண்டுகொள்ளாது.

எந்த விமானத்தில் பழகுவது நல்லது?

எஃப்எஸ்2004-உடனே வரும் டிசி-3 நல்ல ஆரம்பம். ஜன்னல்கள் பெரியவை, எண்ணிக்கையும் குறைவு. 1953-இல் நாட்டுடைமையான பிறகு இந்தியன் ஏர்லைன்ஸிலும் டிசி-3 பறந்ததால் நம்மூர்ச் சாயத்துக்குப் பொருந்தும். பழைய இந்திய விமான நிறுவனமான வாயுதூத்தின் வண்ணத்தில் டோர்னியர் 228 அழகாக இருக்கும். நம் பக்கத்துப் பையன்கள் அதிகம் கேட்பது 2005-இல் தொடங்கி 2010-இல் நின்றுபோன பாரமவுண்ட் ஏர்வேஸின் எம்ப்ரேயரும், 2003-இல் வந்த ஏர் டெக்கானின் ஏடிஆரும். எம்ப்ரேயரில் ஜன்னல் வரிசை நீளம்; ஒரு ஜன்னலை ஒழுங்காக வரைந்து நகல் எடுத்து, பிறகு திரைகளை மாற்றிக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. பாதியில் போனால்?

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும் மரம் விழுந்து கம்பி அறுவது வாடிக்கை. கிம்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பை அடுக்குகளோடு அடிக்கடி சேமியுங்கள். டிஎக்ஸ்டியாக மாற்றுவது கடைசி வேலை. டிஎக்ஸ்டி கோப்பையே திறந்து திருத்தித் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் நிறம் கொஞ்சம் கெடும், ஜன்னல் விளிம்பில்தான் அது முதலில் தெரியும். இன்னொன்று, நிறத்தையும் சாம்பல் அளவையும் மூடுபனி நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். திரையின் மேல் வெளிர் வெளிச்சம் விழுந்து எல்லாம் மங்கலாகத் தெரியும். திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

முடித்ததை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?

மாடலோடு வந்த ரீட்மீயைப் படியுங்கள். பலர் ரீபெயின்டை அனுமதிப்பார்கள், மாடல் கோப்பைச் சேர்த்துக் கொடுப்பதை அனுமதிக்கமாட்டார்கள். உங்கள் டெக்ஸ்சர் ஃபோல்டரும், ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜியில் சேர்க்க வேண்டிய வரிகளும் மட்டும் போதும். எஃப்எஸ்எக்ஸ் என்றால் நீங்கள் மாற்றாத படங்களையும் திணிக்க வேண்டாம். டெக்ஸ்சர் சிஎஃப்ஜியில் ஃபால்பேக் வரி போட்டால் மீதியை மூல ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் ரீட்மீயில் மாடல் செய்தவர் பெயர், எந்தப் பதிப்பின் மேல் பூசினீர்கள், ஜன்னல் வரைந்ததா ஊடுருவுவதா என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். மாடலின் அடுத்த பதிப்பில் மெட்டீரியலை மாற்றியிருந்தால், உங்கள் ஜன்னல் ஏன் திடீரென்று மின்னுகிறது என்று இறக்கியவருக்கு அதை வைத்துத்தான் புரியும்.